ஐந்து கிலோமீட்டருக்கு உள்ளே

கரிசல் மண் நனைந்து சைக்கிள் சக்கரத்தில் ஏறும்போது முதலில் 'சொத சொத' என்று ஒரு சத்தம் வரும். பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மண் இறுகி ஒரு முனகல் கேட்கும். அதற்குப் பிறகு சத்தமே இருக்காது, சக்கரம் நின்று போயிருக்கும். ஆட்டுரலில் உளுந்து கெட்டிப்பட்டுக் குழவி சுற்றாமல் நிற்குமே, அப்படி நிற்கும். இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்துவிட்டுப் பத்தடி உருட்டினால் மறுபடியும் அதே கதைதான். ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் பக்கத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் மாதங்கள்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில், மானாவாரியாகப் பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற ஒரு சின்ன ஊர். அங்கே எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் கிழக்கே இருந்த பெரிய ஊருக்குப் போக வேண்டும். நடுவில் வெறும் வண்டிப்பாதை, பஸ் கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது, யாரோ ஓட்டிச் சலித்துப்போன ஒரு லேடீஸ் சைக்கிளை அப்பா கோவில்பட்டியில் பார்த்து வாங்கி, பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுவந்தார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

நான் யாரிடமும் அதிகம் பேசாத பிள்ளை. அப்படி மிச்சமான நேரமெல்லாம் அந்தச் சைக்கிளோடு போனது. அதைக் கழற்றாத நாள் குறைவு. அப்போது எனக்கு ஏற்பட்ட சில அபிப்பிராயங்களை இன்றுவரை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கரிசலில் ஓடும் வண்டியின் செயினுக்கு எண்ணெய் விடக்கூடாது. தூசி எண்ணெயோடு சேர்ந்தால் பல்சக்கரத்தை அரம் மாதிரி தேய்த்துவிடும், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும். உடைமரத்து முள்ளுக்குப் பயந்தால் டயரை மாற்ற வேண்டியதில்லை, பழைய டியூப் ஒன்றை நீளமாகக் கீறி டயருக்கு உள்ளே விரித்துவிட்டால் பாதி முள் அதிலேயே நின்றுவிடும். டைனமோ என்பது எதிர்காற்றில் பின்னால் ஒரு ஆளை உட்கார்த்தி வைத்து மிதிப்பதற்குச் சமம். மழை மாதத்தில் முன்சக்கரத்துக்கு மட்கார்டே கூடாது. நான் அதைக் கழற்றிவிட்டு முதல் நாள் போனபோது, என்னோடு சைக்கிளில் வரும் மாரியம்மாள் அக்கா, "என்னட்டி, வண்டிய அம்மணமா ஓட்டிட்டு வார?" என்று வழியெல்லாம் சிரித்தாள். மட்கார்டு இல்லாவிட்டால் மண் பாவாடைக்கு வரும், இருந்தால் சக்கரம் நிற்கும். பாவாடையைத் துவைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. துவைக்கிற அம்மா வேறு கட்சி. ஆனால் மழை வலுத்தால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்கவட்டையிலேயே மண் அடைந்து மட்கார்டு இல்லாத சக்கரமும் நின்றுவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா விளாத்திகுளத்தில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிறவராக இருந்தார். மிளகாய் வத்தல் மூடைகளைத் தராசில் ஏற்றி எடையைக் கூவிச் சொல்லும் வேலை. அவர் லீவு என்றால் மூடையை இறக்காமல் மறுநாள் வரை காத்திருக்கும் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், உண்டு என்று சொல்வார்கள். அந்தக் கடையில் ஏழாம் எண் வேலை செய்யாத ஒரு கால்குலேட்டரைத் தூக்கிப் போட இருந்தார்கள். அப்பா அதை எனக்குக் கொண்டுவந்து தந்தார்.

அதை நான் திறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். திறந்து பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. இரண்டையும் கூட்டல் குறியையும் அழுத்திவிட்டு, சமன் குறியைத் தட்டிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு இரண்டாகக் கூடிக்கொண்டே போகும். சமன் குறிக்கு அடியில் இரண்டு கம்பிகள் தொட்டுக்கொள்வதுதான் அந்தத் தட்டு. அந்த இரண்டையும் வெளியே இழுத்து, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை தொட்டுக்கொள்ளும்படி செய்தால்? பழைய டார்ச் லைட்டிலிருந்து எடுத்த இரண்டு பித்தளைத் தகடுகளில் ஆளுக்கொரு கம்பியை இணைத்து முன்கவட்டையில் கட்டினேன். சுற்றும்போது தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தும்படி சக்கரக் கம்பியில் ஒரு ஆணியை வைத்து இறுக்கினேன். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி வைத்து ஒரு சுற்று உருட்டித் தையல் டேப்பால் அளந்தேன், இரண்டு மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும் வந்தது. கால்குலேட்டரில் 2.07 போட்டுக் கூட்டலை அழுத்திவிட்டு மிதித்தால், போன தூரம் மீட்டர் மீட்டராக ஏறியது. வேகமாகப் போனால் சில சுற்றுகளை விழுங்கிவிடும், மெதுவாகத்தான் போக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் வேலை செய்தது.

தீபாவளி முடிந்ததும் மாரியம்மாள் அக்கா வீட்டார் வேலை தேடித் திருப்பூருக்குக் குடிபோனார்கள். பள்ளிக்கூடத்துக்கு நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று. அம்மா வேண்டாம் என்றாள். அப்பா மூன்றாம் நாள் சொன்னார்.

"அஞ்சு கிலோமீட்டருக்கு உள்ளன்னா போ. அஞ்சுன்னா அரை மணி நேரம். அதுக்கு மேல ஆளக் காணும்னா தேடி வந்துரலாம். கூடுச்சுன்னா வேண்டாம். அம்மாகூட உக்காந்து கட்டை அடுக்கு."

கட்டை அடுக்குவது என்றால், தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்து சேரும் குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்கித் தருவது. எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் அநேகமாக எல்லாரும் அதில்தான் இருந்தார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. எனக்குத்தான் படிப்பை விட மனமில்லை.

வண்டிப்பாதைக்கு மைல்கல் ஏது? அப்பா மேற்கே மெயின் ரோடு வரை நடந்து பஸ் ஏறுகிறவர், அவருக்குக் கிழக்குப் பாதை பழக்கமில்லை. டீக்கடையில் விசாரித்தார். தூக்குவாளியோடு நானும் நின்றிருந்தேன்.

"மூணு மைலுதான்," என்றார் டீக்கடை அண்ணாச்சி.

வடக்குத் தெரு மாமா விடவில்லை. "எந்த ஊர்ல மூணு? நாலு மைலு. நான் நடந்தே போயிருக்கேன்லா."

"நீரு போனது மாமனார் வீட்டுக்கு. அது அம்புட்டுத் தூரமாத்தான் தெரியும்."

மூன்று மைல் என்றால் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கும், நாலு மைல் என்றால் அடங்காது. என் படிப்பு அந்த ஒரு மைலில் கிடந்தது. அப்பாவிடம் நேராகச் சொல்லக் கூச்சப்பட்டு, நானே அளந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "தாசில்தாரே இன்னும் அளந்ததில்ல, இவ அளக்கப் போறாளாம்," என்று அம்மா அதை அப்பாவிடம் சேர்த்தாள். "அளக்கட்டும்," என்றார் அப்பா.

மறுநாள் தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. கால்குலேட்டரைப் பாலிதீன் பையில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் சேறு. மிதித்தது கொஞ்சம், இழுத்தது கொஞ்சம், ஓடைக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை தாண்டி வெகுதூரம் தூக்கிக்கொண்டு நடந்தது கொஞ்சம். பள்ளிக்கூட வாசலில் பையைப் பிரித்துப் பார்த்தபோது நாலாயிரத்து நானூற்றுப் பத்து. ஐந்து கிலோமீட்டருக்கு உள்ளேதான். சாயங்காலம் எண்ணைச் சொன்னதும் அப்பா, "சரி, போ," என்றார். எண் என்று ஒன்று வந்துவிட்டால் அவர் அதற்கு மேல் பேசமாட்டார்.

மார்கழியில் பாதை காய்ந்தது. ஒரு நாள் சும்மா ஆசைக்குக் கால்குலேட்டரை மாட்டிக்கொண்டு போனேன். ஐயாயிரத்து நானூற்று எண்பது காட்டியது. தகடு அழுக்காகி இரட்டை இரட்டையாகத் தட்டுகிறது என்று நினைத்துத் தேய்த்தேன். செல்லை மாற்றினேன். சக்கரத்தை மறுபடியும் அளந்தேன். மறுநாளும் அதே எண்தான். பிறகுதான் எனக்கு உறைத்தது. சேற்றில் இழுத்தபோது சக்கரம் சுற்றவே இல்லை, வழுக்கிக்கொண்டுதான் வந்தது. தூக்கிக்கொண்டு நடந்த தூரத்தை அது அறியவே அறியாது. சக்கரம் சுற்றினால்தானே எண்ணும்? கரிசல் முழுசாக ஒரு கிலோமீட்டரைத் தின்றுவிட்டிருந்தது.

இருபது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. சைக்கிளைத் துடைத்தேன், பிரேக் கட்டையைத் திருப்பிப் போட்டேன், ஒன்றிலும் மனது நிற்கவில்லை. தண்ணீர் தெளித்து எடை கூட்டிய வத்தல் மூடையை அப்பா தராசிலிருந்து இறக்கிவிட்டு, "ஒணத்திட்டுக் கொண்டாரும்," என்று சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் கொடுத்த எண்ணும் ஈர எண்தான். கடைசியில் ஒரு தீப்பெட்டி லேபிளின் பின்பக்கம் இரண்டு எண்களையும் எழுதி, எது மழையில் அளந்தது, எது காய்ந்த பாதையில் அளந்தது என்றும் எழுதி, அவர் வேலைக்குக் கிளம்புமுன் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அன்று பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடந்தது என்று இன்று கேட்டாலும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்தவர் லேபிளை எடுத்துக் கீழே வைத்தார். "எப்படிட்டி கொறஞ்சுது?" என்று கேட்டார். சொன்னேன். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றச் சொல்லிப் பார்த்தார், சுற்றாமல் இழுக்கச் சொல்லிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். வண்டிய உருட்டிட்டு வா," என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சைக்கிளை உருட்ட, அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தார். ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் நின்று, "இங்கன எத்தனை?" என்றார். முந்நூற்று நாற்பது. அப்புறம் பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் நின்றார். ஓடைக்கரையில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரிடம் நின்றார். அவர், "என்ன அண்ணாச்சி, ரோடு போடப் போறாவளா?" என்று கேட்டார். "மொதல்ல அளந்து பாப்போம்," என்ற அப்பா, "இது எம் மக. நாலு மணிக்கு மேல இந்த வழியாத்தான் வருவா," என்று சேர்த்துச் சொன்னார். மிளகாய்க்காட்டுக் காவல்காரரிடமும், அந்தப் பக்கத்துச் செங்கல் சூளையிலும் இதையே சொன்னார். நான் தலையைக் குனிந்து எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல் சூளையில் ஐயாயிரத்து இருநூற்று முப்பது. பள்ளிக்கூட வாசலில் அதே ஐயாயிரத்து நானூற்று எண்பது.

ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடந்த கேட்டுக்கு முன்னால் அப்பா உட்கார்ந்தார்.

"சாக்கோடவா வத்தல எடை போடுதோம்?"

"இல்லப்பா."

"சாக்கக் கழிக்கணும்லா. அந்தப் பக்கம் கடைசி வீடு வரைக்கும் நம்ம ஊரு, அது ஒரு சாக்கு. அந்தச் சூளையிலருந்து இந்தப் பக்கம் அவிய ஊரு, அது ஒரு சாக்கு. ரெண்டையும் கழி. என்ன வருது?"

கால்குலேட்டரில் போடாமல் மனக்கணக்காகவே போட்டேன். "நாலாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு."

"அஞ்சுக்கு உள்ளதான. போ." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஆனா இனிமே மழையில அளக்காத."

ஒன்பதும் பத்தும் அந்தப் பாதையில்தான் படித்தேன். பத்தோடு நின்றது, அது வேறு காரணம், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. என்றாவது டயர் பஞ்சராகி உருட்டிக்கொண்டு வந்தால், சூளையிலிருந்து ஒரு குரல் வரும், "என்ன பாப்பா, காத்து எறங்கிருச்சா?" ஓடைக்கு வருமுன் ஆட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஒருநாள்கூட அப்பா என்னைத் தேடி வர வேண்டியிருக்கவில்லை.

இப்போது கோவில்பட்டியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். திறந்து பார்க்கும் புத்தி சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிளில் ஊர்ப்பக்கம் போவேன். கியர் எத்தனை இருந்தாலும் கரிசல் சேற்றில் ஒன்றுதான் என்பது என் இன்றைய அபிப்பிராயம், ஆனால் இப்போது சேறே இல்லை. பாதை தார் ரோடாகிவிட்டது. ஓடைக்குப் பாலம் கட்டி, வளைவுகளை நிமிர்த்திவிட்டார்கள். சூளை இருந்த இடத்தில் முள் வளர்ந்திருக்கிறது. பருத்திக்காடும் மிளகாய்க்காடும் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். ஆட்டுக் கிடை போட்டு நான் பார்த்து வெகுநாளாகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூட வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் அந்த ரோட்டில் போய்விட்டு வந்து, போனை எடுத்து அப்பாவிடம் காட்டினேன். வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை எதையும் கழிக்காமலே நாலு புள்ளி எட்டு கிலோமீட்டர்தான், ரோட்டை நேராக்கியதில் தூரம் குறைந்துவிட்டது என்று சொன்னேன். அவருக்கு எண்பது வயதாகிறது, கண் மங்கல். போனை வாங்கிப் பார்க்கவில்லை.

"நடுவுல ஆளு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருமில்லப்பா."

"அப்பத் தூரந்தான்," என்றார்.