தனியாக அழ முடியாத ஏரியா

இன்று பதினொன்றாம் வகுப்பில், படித்த நாவலைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்லச் சொன்னேன். "எனக்காக யாரும் புகழ வேண்டாம்" என்றும் சொன்னேன்.

முதலில் எழுந்தவள் ரோஸி. காசிமேட்டில் ஹவுசிங் போர்டில் இருப்பவள். நாவலின் நாயகியும் அப்படியொரு குடியிருப்பில் வாழ்பவள்தான்.

"சுத்தப் பொய் மிஸ். அந்தப் பொண்ணு பக்கம் பக்கமா தனியா அழுதுகினே கீது. எங்க ஏரியால மூக்க உறிஞ்சினாலே பக்கத்து வூட்டு அக்கா வந்து இன்னா ஆச்சின்னு கேக்கும்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து தேவி எழுந்தாள். அவளும் அதே குடியிருப்புதான். கேட்டால் ஒழிய வாய் திறக்காதவள்.

"எனக்கு உண்மையாத்தான் தோணுச்சு மிஸ். நான் மொட்டமாடில துணி காயப்போடுற எடத்துல உக்காந்து அழுவேன். இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ரோஸி பையை எடுத்துக்கொண்டு போய்த் தேவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எந்த பிளாக்கு மாடிடி?" என்று அவள் மெதுவாகக் கேட்டது எனக்கும் கேட்டது.

யார் கருத்து சரி என்று விவாதம் வைப்பதாக இருந்தேன். வைக்கவில்லை. நீங்களாக இருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பீர்கள்?