மூன்றாம் நாள் வலி

முதலில் மன்னித்துவிடுங்கள். ஆரோக்கியராஜ் அண்ணனோடு என்னைவிட அதிக வருடம் வேலை பார்த்தவர்கள் இந்த மருத்துவமனையில் இருக்கிறீர்கள். எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆனால் அவர் கடைசியாகத் தன் வலியைப் பற்றிக் கேட்டது என்னிடம். நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இதுவரை உங்களில் யாரிடமும் சொல்லவில்லை.

செய்தி வந்தபோது காந்திபுரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தேன். இதயக் குழாய் அடைப்பை நீக்கும் நம் கேத் லேப்பின் சிஸ்டர்தான் அழைத்தார். "ஆரோக்கியராஜ் அண்ணன் தவறிட்டாருங்க அம்மணி. துடியலூர்ல, ஊட்டுலயே. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு." பேருந்து வந்தது. ஏறி வேலைக்கு வந்துவிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் திரை முன் உட்கார்ந்து இதயத் துடிப்பின் கோட்டைப் பார்க்கும் டெக்னீசியன். அண்ணன் நோயாளியின் தலைமாட்டில் நிற்கும் நர்ஸ். ரத்தக் குழாய்க்குள் வைத்த ஸ்டென்ட் என்ற கம்பி வலை குழாயின் சுவரில் முழுதாகப் படியவில்லை என்றால், கெட்டியான இன்னொரு பலூனை உள்ளே விட்டு அழுத்தி விரிப்பார்கள். அந்தச் சில நொடிகள் அந்தக் குழாயில் ரத்தம் ஓடாது. என் திரையில் கோடு மேலேறும். அண்ணன் குனிந்து சொல்வார்: "ஏனுங்க, இப்ப நெஞ்சப் புடிக்கறது நாங்க புடிக்க வெக்கறதுங்க. அம்மணி எண்ணி முடிக்கறதுக்குள்ள உட்டுரும்."

நொடிகளை உரக்க எண்ணுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பெரிய டாக்டர்கள் முன்னால் குரல் எழும்பாது. "நீங்க எண்ணறது உங்களுக்காச்சும் கேக்குதுங்களா?" என்பார் அண்ணன். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த எண் கொஞ்சம் சத்தமாக வரும்.

அன்னூர் விவசாயி ஒருவர் மேசையில் படுத்தபடியே சண்டைக்கு வந்தார். "வெச்சாச்சுன்னீங்க. மறுக்கா எதுக்குங்க ஊதறீங்க?"

"கம்பி வலைங்க அது. செவுத்தோட ஒட்டோணும். சந்து உட்டா அங்க ரத்தம் கட்டிக்கும்."

"அப்ப மொதல்லயே ஒழுங்கா ஒட்டியிருக்கலாமல்ல?"

"மெதுவாப் பேசுங்க. டாக்டர் காதுல உளுந்தா இன்னும் ரெண்டு ஊது சேர்த்து ஊதிப்போடுவாரு."

எப்போதும் அப்படி முடிவதில்லை. ஒரு அம்மாவுக்குப் பலூனைச் சுருக்கிய பிறகும் ரத்தம் கீழே இறங்கவில்லை. உடைந்த கொழுப்புத் துகள்கள் சிறு குழாய்களை அடைத்துவிட்டன. எல்லா மருந்தும் கொடுத்தும் அவர் பிழைக்கவில்லை. அண்ணன் கடைசி வரை அவர் கையைப் பிடித்தபடி நின்றார். வெளியே வந்து, "உட்டுரும்னு சொன்னனுங்க. உடவேயில்லீங்களே" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

பிறகு அடைப்பு வந்து அவரே அந்த மேசையில் படுத்தார். சுண்ணாம்பு படிந்து இறுகிய குழாய். ஸ்டென்ட் வைத்து, இரண்டு முறை பலூனால் விரித்தார் டாக்டர். "அம்மணி, சத்தமா எண்ணுங்க. இன்னைக்கு எனக்குக் கேக்கோணும்" என்றார் அண்ணன். எண்ணினேன். ஓரிடம் மட்டும் குறுகலாகவே நின்றது. இன்னும் அழுத்தினால் குழாய் கிழிந்துவிடும் என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார். அது சரியான முடிவு. அண்ணனும் அதையே சொன்னார்.

வீடு திரும்பிய நோயாளிகள் அழைக்கும் கைப்பேசி அண்ணனிடம்தான் இருந்தது. விரித்த குழாய் ஓரிரு நாள் லேசாக வலிக்கும். பலூன் வலி என்போம். ஆனாலும் அவர் முதலில் கேட்பது, "எத்தனாவது நாளுங்க?" மூன்று என்றால் அது பலூன் வலியாக இருக்காது, மேற்கொண்டு பேச்சே கிடையாது. "கெளம்பி வந்துருங்க. ஈசிஜி பாத்துப்போட்டு, நல்லாருந்தா நானே காபி வாங்கித் தாரேன்."

தனக்கு ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் மாலை அவர் என்னை அழைத்தார். "லேசா இழுக்குதுங்க அம்மணி. பலூன் வலிதானுங்களே?"

"அதேதானுங்கண்ணா. காலைல சரியாயிரும்."

"நம்ம வசனத்த நமக்கே சொல்றீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

எத்தனாவது நாள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நோயாளியாக இருந்திருந்தால் உடனே கிளம்பச் சொல்லியிருப்பேன். எல்லாம் தெரிந்தவரிடம் எத்தனாவது நாள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் மருத்துவமனை ஆட்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். மறுநாள் காலையில்தான் சிஸ்டரின் அழைப்பு வந்தது.

ஸ்டென்டில் ரத்தம் கட்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனபோது, அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் சமையலறையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "எங்கிட்ட வெறும் வாயுன்னாரு கண்ணு. உன்னையத்தான் நெசமாக் கேட்டிருக்காரு." என்னைத் திட்டவில்லை.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, அவரிடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைத்தான்.

இதை எழுத உட்கார்ந்ததே ஒன்று கேட்பதற்காக. நோயாளிகள் அழைக்கும் அந்தக் கைப்பேசி இப்போது மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேசுகிற வேலை என்பதால் என் பெயர் யாருக்கும் தோன்றியிருக்காது.

அதை என்னிடம் கொடுங்கள்.