வயிற்றை எக்கிய பஸ்

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரோடு சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாரமங்கலம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை; அது ஒன்றும் புதிதில்லை. வழியில் ஒரு மலையூரின் எல்லையில் இருபது ஆண்கள் ஒரே கயிற்றை நீள்சதுரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க இது?"

"பஸ்ஸுங்க" என்றார் முன்னால் நின்றவர்.

ஊர் கூடி மனு எழுதி, இரண்டு வருடம் அலைந்து பஸ்ஸுக்குச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். ஆனால் திரும்ப இடம் இருந்தால்தான் பஸ் வரும். இரண்டு நாளில் அதிகாரி பார்க்க வருகிறார். ஆளுக்குக் கொஞ்சம் வேலியைப் பிடுங்கி நிலம் விட்டு, இடத்தைச் சமன் செய்துவிட்டார்கள். ஏற்காட்டில் நின்ற பஸ்ஸை ஒருவர் கயிற்றால் அளந்தும் வந்துவிட்டார். அந்த அளவுக் கயிறு இங்கே திரும்புகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லாரியில் கிளீனராக இருந்ததை வாய் தவறிச் சொன்னேன்.

"அப்ப நீங்கதானுங்க டிரைவரு."

கயிற்றுக்குள் முன்னால் நின்று ஓட்டினேன். ஓரத்தில் ஒரு பலாமரம். அதை நெருங்கியதும் அந்தப் பக்கத்து ஆட்கள் வயிற்றை எக்கினார்கள், கயிறு வளைந்தது, பஸ் பத்திரமாகத் திரும்பியது. மூன்று முறையும் அப்படியே. மரத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மரத்துக்காரர் பாதிப் பேருக்கு மாமன், மீதிப் பேருக்கு மச்சான். பஸ்ஸின் பின்மூலையும் அவர்தான். அவர் சாப்பாடு போடுவதாகச் சொல்லியிருந்ததால் நானும் பேசவில்லை.

ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வராவிட்டால், வலி எடுக்கும்போது அவளைத் தொட்டில் கட்டித்தான் மலைப்பாதையில் தூக்கிப் போக வேண்டும்.

"ஏனுங்கப்பா, நெசமான பஸ்ஸு வயித்த எக்குமுங்களா? என்னாலயே முடியலீங்க."

பஸ் மொத்தமும் சிரித்தது. அவர் மட்டும் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியில் போய் நின்றார்.

களி சாப்பிடும்போது அவரே பேச்செடுத்தார். "வெட்டிரலாமுங்க. ஆனா காய்க்கிற மரம். நட்ட கையி கோடாலி எடுக்கக் கூடாது. இந்த ஊருல எல்லாரும் இதுல தின்னவங்க, ஒருத்தனும் வெட்ட வரமாட்டான்."

"பஸ்ஸு வேணுமுங்க மாமா, பாவம் வேண்டாமுங்க" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க இந்தப் பழம் தின்னிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"நொம்ப நல்லதுங்க."

மறுநாள் காலை, எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று பாவம் தொடாத தூரத்தில் நின்று இருபது பேரும் யோசனை சொல்ல, நான் மரம் வெட்டும் வேலையில் சேர்ந்தேன்.