பூட்டை எடுக்க மாட்டேன்

முடிச்சூர் ஜெரூஷாவை வீட்டில் பிடிவாதக்காரி என்றுதான் சொல்வார்கள். பொறியியல் முடித்ததும் அப்பா சாலமன் அலைந்து திரிந்து ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை பார்த்து வைத்தார். அவள் போகவில்லை. சர்வர் பராமரிக்கிற வேலைதான் வேண்டும் என்று நின்றாள்.

"ஏசி ரூம்ல மெஷினோட தனியா உக்காந்திருக்கிற வேலை உனக்கு எதுக்கும்மா?" என்று அவர் கேட்டதற்கு, "மெஷின் எப்ப கல்யாணம்னு கேக்காதுப்பா" என்றாள்.

நினைத்த வேலை ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் கிடைத்தது. தலைமை அலுவலகம் தாம்பரத்தில், கீழ்த்தளத்தில் ஒரு கிளையும் உண்டு. எல்லாக் கிளைகளின் முடிவுகளும் அஸ்தினாபுரம் லேபில் இருந்த ஒரே டிஸ்க் பெட்டியில் போய்ச் சேரும். அந்தப் பெட்டிக்கு இரண்டு சர்வர்கள். ஒன்று எழுதும், மற்றது காத்திருக்கும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது பொறுப்பேற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் எழுதித் தொலைத்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பதால், எழுதுகிற சர்வர் டிஸ்கின் மேல் ஒரு பூட்டைப் போட்டு வைத்திருக்கும்.

ஒரு திங்கட்கிழமை காலை எந்தக் கிளையிலும் ரிப்போர்ட் திறக்கவில்லை. முதல் சர்வரிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. இரண்டாவது சர்வர் டிஸ்கை எடுக்கப் பார்த்தது, பூட்டு விடவில்லை. கீழே வரவேற்பறையில் சத்தம். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், "டாக்டர் ரிசல்ட் இல்லாம மருந்து மாத்த மாட்டேங்கிறாரு" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சர்வர்களை விற்ற கம்பெனியின் எஞ்சினியர் மெர்வின் போனில் வந்தான். "ஃபர்ஸ்ட் சர்வர் டெட் மேடம். பூட்டை க்ளியர் பண்ணிட்டு ரெண்டாவதுல ஏத்திடுங்க. ஒரே கமாண்ட்தான்."

"டெட்னா, டிஸ்க் பெட்டியில அதோட லைன் இன்னும் பச்சையா காட்டுதே?"

"அது பழைய ஸ்டேட்டஸா இருக்கும்."

"இருக்கும்னா? உங்களுக்கே தெரியாதா?"

பக்கத்தில் நின்ற மேனேஜர் ஏகநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஜெரூஷா, எம்.டி. மூணு தடவை போன் பண்ணிட்டாரு. பூட்டை எடுங்க."

"மாட்டேன் சார். அது உயிரோட இருந்து எழுதிக்கிட்டிருந்தா, ரெண்டும் சேர்ந்து டிஸ்கையே நாசம் பண்ணிடும். யார் ரிசல்ட் யாருதுன்னே தெரியாது. நேர்ல போய்ப் பார்த்துட்டு எடுக்கிறேன்."

"ஜிஎஸ்டி ரோட்ல இந்நேரத்துக்கு எப்பப் போய்ச் சேருவீங்க? பாஸ்வேர்டை மெர்வினுக்குக் குடுங்க, அவர் பண்ணட்டும்."

"தர மாட்டேன்."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போனா போகட்டும் சார். ஆனா நான் இருக்கிற வரைக்கும் பார்க்காம அந்தப் பூட்டை எடுக்க விடமாட்டேன்."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சானடோரியம் தாண்டி பஸ்களுக்கு நடுவே ஊர்ந்தபோதுதான் பயம் வந்தது. மெர்வின் சொன்னதே சரியாக இருந்தால்? அந்தக் குழந்தையை வீம்புக்காகக் காக்கவைத்ததாக ஆகிவிடுமே! ஆனாலும் வண்டியைத் திருப்பவில்லை.

அஸ்தினாபுரத்தில் வாட்ச்மேன் குப்பன் கேட்டைத் திறந்தார். "காலைல ஏசி பாக்க ரெண்டு பேரு வந்தாங்கோ மேடம். ஏணிய இழுத்துகினு உள்ள போனாங்கோ. இன்னா பண்ணாங்கன்னு தெர்ல."

உள்ளே முதல் சர்வர் சீராக இரைந்துகொண்டிருந்தது. டிஸ்க் விளக்குகள் விட்டு விட்டு மின்னின. அந்தக் கட்டடத்துப் பரிசோதனை மெஷின்கள் நேர் கேபிளில் அனுப்பிக்கொண்டிருந்த முடிவுகளை அது பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. அந்த ஒரு சர்வரை மட்டும் வெளியுலகத்தோடு இணைக்கும் நெட்வொர்க் பெட்டி இருண்டு கிடந்தது; ஏணி இடித்து பிளக் பாதி கழன்றிருந்தது.

ஏகநாதனுக்கு வீடியோ காலில் மின்னும் விளக்குகளைக் காட்டினாள். பிளக்கை அழுத்திச் செருகினாள். சற்று நேரத்தில் சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன, இரண்டாவது பின்வாங்கியது. முதலாவது ரிப்போர்ட்டுகளைக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு முடிவுகூடக் கெடவில்லை. வரவேற்பறைக்குப் போன் போட்டு, "அந்தக் குழந்தையோட ரிப்போர்ட்ட முதல்ல எடுத்துக் குடுங்க" என்றாள்.

நன்றி எதுவும் வரவில்லை. அடுத்த நாள் ஏகநாதன் கூப்பிட்டார். "எல்லார் முன்னாடியும் எதிர்த்துப் பேசினீங்க. இனிமே பிரிண்டர் கம்ப்ளெயிண்ட் பார்த்தா போதும்."

"நான் செஞ்சதுல எது தப்புன்னு சொல்லுங்க சார். சொன்னீங்கன்னா இப்பவே போறேன்."

அவர் பேனாவைத் திறந்து மூடினார். "அடுத்த தடவையாவது சொன்னதைக் கேளுங்க."

"பார்க்காம பூட்டை எடுன்னு சொன்னா, அடுத்த தடவையும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு எழுந்து தன் இடத்துக்கே போய் உட்கார்ந்தாள். பிரிண்டர் பக்கம் அவளை யாரும் அனுப்பவில்லை. அந்த வருடம் சம்பள உயர்வு மட்டும் வரவில்லை. அதையும் ஏன் என்று கேட்டு, எம்.டி. அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.