கம்பங்களுக்கு நடுவே என் கல்யாணம்

1. சிமெண்டும் மாப்பிள்ளையும்

முப்பது வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள் நான். இப்போது சைட்டுக்கு வரும் பெண்கள், "எந்த வேலைக்கா கஷ்டம்?" என்று கேட்பதுண்டு. ஜல்லி சுமப்பது என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். இல்லை. கான்கிரீட் போட்ட பிறகு அவசரப்படாமல் இருப்பதுதான் கஷ்டம். வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குத் தளம் போட்டபோது நான் படித்த பாடம் அது.

எழுபதுகளில் சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும். பெர்மிட் வராமல் எங்கள் கோயில் வெறும் சுவராக நின்றது. நானும் அப்படித்தான் நின்றேன். பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்களே தவிர, பதில் வரவில்லை. ஒன்பது வருஷம் சனிக்கிழமை தவறாமல் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். ஒருநாள் கோபம் வந்து, "உனக்கு என் வயசு தெரியாதா?" என்று கேட்டே விட்டேன்.

பிறகு ஒரேயடியாக எல்லாம் வந்தது. கரிக்கலாம்பாக்கத்துத் தாமஸ், டவுன் மில்லில் வேலை பார்ப்பவர், என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். புதுக் கோயிலில் முதல் கல்யாணம் என்று பத்திரிகையும் அடித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முன்பு வரவேண்டிய சிமெண்ட் பொங்கல் கழித்துத்தான் வந்தது. தளம் போட்டுப் பத்து நாளில் கல்யாணம்.

2. நடு வரிசை

தளம் இறுகும்வரை அதைத் தாங்கச் சவுக்குக் கம்பங்களை முட்டுக் கொடுத்திருப்பார்கள். அதுதான் சென்ட்ரிங். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் மர ஆப்பு இருக்கும். அதைத் தட்டினால் கம்பம் தளர்ந்துவிடும். தளம் வெடிக்காமல் இறுக, மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அந்த வேலை என்னுடையது. காலையில் ஊற்றினால் மத்தியானத்துக்குள் தளம் குடித்துவிடும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையின் பெரியப்பா சவரிமுத்து, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கோயிலைப் பார்க்க வந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இன்னாயா இது, சவுக்குத் தோப்பாட்டம் கீது? எங்க ஜனம் குனிஞ்சி குனிஞ்சி நுழையணுமா? கம்பத்த எடுங்க."

"மூணு வாரமாவது நிக்கணும்யா" என்றார் சென்ட்ரிங் மேஸ்திரி ஆறுமுகம்.

"புதன்கெழம விபூதிப் புதன். தவக்காலம் பொறந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கெடையாது. அதுவரைக்கும் நாங்க காத்துகினு இருக்க மாட்டோம். ஒதியம்பட்டுல பொண்ணு ரெடியா கீது."

வில்லியனூர் பெரிய கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று என் அப்பா சொல்லிப் பார்த்தார். பத்திரிகையை மாற்ற முடியாது என்று சவரிமுத்து ஒரே பிடியாய் நின்றார்.

மேஸ்திரி நல்ல மனுஷர். என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "பொண்ணு வாழ்க்கையாச்சே. நடு வரிசைய மட்டும் எடுத்து வழி வுடறேன்" என்று சுத்தியலைத் தூக்கினார். நடு வரிசைதான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கும் அந்தக் கம்பம் போகட்டும் என்றுதான் ஆசை. ஆனால் காலையில் ஊற்றிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதைத் தளம் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுண்ணே! ஒம்போது வருசம் காத்துகினு இருந்தவ நானு. இந்தத் தளத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் குடுக்க மாட்டனா? நாளைக்கு இதுங்கீழ கொழந்தைங்க ஒக்காரும். கல்யாணத்த ஆண்டவரு குடுக்கற அன்னிக்கிக் குடுக்கட்டும்."

 தாலி கைநழுவியது என்றே நினைத்தேன். 

பெரியப்பாவுக்குப் பின்னால் நின்ற தாமஸ் கம்பங்களை அண்ணாந்து பார்த்தார். சிரித்தார்.

"பெரிப்பா, ஊர்ல கல்யாணம்னா ஒரு பந்தக்கால் நடுவாங்க. நமக்கு எம்மாங் கால் நட்டு வச்சிருக்காங்க பாரு! ஒண்ணும் எடுக்க வேணாம். திங்கக்கெழமயே, இதுக்கு நடுவுலயே கட்டிக்கறேன்."

3. தோரணம்

மறுநாள் முழுக்க ஊரே கூடிக் கம்பங்களுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும் கட்டியது. ஆறுமுகம் மேஸ்திரி ஆளோடு வாழைமரம் கொண்டுவந்தார். திங்கட்கிழமை பங்குச் சாமியார் குறுக்கு மூங்கிலுக்குக் குனிந்து குனிந்து பீடத்துக்குப் போனார், போகும்போதே சிரித்துவிட்டார். மேலே தண்ணீர் நின்றது, கீழே தாலி ஏறியது. அப்படிச் சந்தோஷமான கல்யாணத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

தவக்காலத்தில் புதுப்பெண்ணாக வந்து தளத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் நிறைந்தது. ஊரே வெளியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்க, மேஸ்திரி சுத்தியலை என் கையில் கொடுத்தார். நான் கட்டிப் பிடித்த அதே கம்பத்தின் ஆப்பை முதலில் தட்டினேன். கம்பம் சாய்ந்தது. பிறகு அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். தளத்தில் ஒரு கீறல் இல்லை. வேட்டு வெடித்தார்கள். நான் வாய்விட்டுக் கத்தினேன், "மாதாவே!" என்று.

பெண்களே, காத்திருப்பது என்றால் சும்மா கிடப்பதில்லை. தண்ணீர் ஊற்றுவது நம் வேலை, இறுக வைப்பது ஆண்டவர் வேலை. அவர் வேலையை நாம் செய்யப் போனால்தான் தளம் தலையில் விழும்.

அன்றைக்கு ஊரே உள்ளே நுழைந்த பிறகும் சவரிமுத்து மட்டும் வாசலுக்கு வெளியே, எட்டடி தள்ளி நின்றார்.

"இன்னா மருமவளே, நிக்குதா?"

"நிக்குது மாமா. உள்ள வாங்க, குனிய வேணாம்."