அக்காவுக்கு வருத்தம் இல்லை என்றேன்

என் அக்காவின் சத்திரசிகிச்சை நடக்காமல் கெடுத்தவள் நான். வேறு யாருமல்ல, நான்தான்!

பழியைத் தவமணி சுமக்கிறாள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அக்காவுக்கு இருந்த ஒரேயொரு சிநேகிதி. அவள் மீது துளி குற்றமும் இல்லை. இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை...

அக்கா மிகவும் மொத்தமான பெண். அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, ஒரு கம்பனியில் தட்டெழுத்து வேலைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். "அக்கா, ரெண்டு டிக்கெற் எடுங்கோவன்" என்று கண்டக்டர் பகிடி விடுவான். பஸ் முழுக்கச் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகம் கழுவுகிற சாட்டில் நெடுநேரம் நிற்பாள். அரைப்பட்டினி கிடந்தும் உடம்பு குறையவில்லை. தெருப் படலையிலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கும். சீனி வருத்தம் வேறு, நீரிழிவு.

தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவள் அவள். அவளிடம் எனக்கு ஒளிப்பில்லை. அவளுக்கும் என்னிடம் ஒளிப்பில்லை என்றே நம்பியிருந்தேன். பேதை!

அந்த நாட்களில் எனக்குச் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? மாப்பிள்ளை பகுதியார் சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆளை அனுப்பிப் பெண்வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். குடும்பத்தில் வருத்தக்காரர், நோயாளிகள் உண்டா என்பதுதான் முதற் கேள்வி. பரம்பரை வருத்தம் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், சம்பந்தம் அதோடு சரி.

அக்கா வேலைக்குப் போயிருந்த ஒரு பகல் அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, நல்ல பணிவு.

"ஒரு விசயமாய் விசாரிக்க வந்தனான், பிள்ளை."

அந்த ஒரு வசனம் எனக்குப் போதுமாயிருந்தது. கதிரையைத் துடைத்துப் போட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

"தமக்கையாருக்கு வருத்தம் துன்பம் ஏதும்...?"

"சீச்சீ! அக்காவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தண்ணி அள்ளுறது, சந்தைக்குப் போறது எல்லாம் அவதான். உடம்பு கொஞ்சம் மொத்தம், அவ்வளவுதான்."

அளந்தேன், அப்படி அளந்தேன்! அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து எழும்பியபோதுதான் சொன்னார்:

"அப்ப ஏன் பிள்ளை அக்கா ஒப்பரேசனுக்குக் காப்புறுதிக் காசு கேட்டு எங்கடை கம்பனிக்கு எழுதினவ? கொழும்பிலை குடலைக் கட்டையாக்கி உடம்பை வத்தப்பண்ணுற ஒப்பரேசன். வருத்தத்துக்கு எண்டால்தான் நாங்கள் குடுப்பம். வடிவுக்கு எண்டால் இல்லை."

கலியாண விசாரணை இல்லை, காப்புறுதி விசாரணை!

அந்தக் கணத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "ஐயா, பிழையாய் விளங்கிப் போட்டன், அக்காவாலை ரெண்டு படி ஏறேலாது" என்று அழுதிருக்க வேண்டும். செய்தேனா?

என் மனதில் எழுந்தது வேறு. அக்கா வயிற்றை வெட்டப் போகிறாள்... எனக்குச் சொல்லவில்லை! முன்பின் தெரியாத ஒருவன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது! நான் யார் இந்த வீட்டில்? டாக்குத்தரிடம் தவமணியைத்தானே கூட்டிப் போயிருப்பாள்? சந்தைக்கு என்று இருவரும் சேர்ந்து புறப்பட்டதெல்லாம் பொய்யா? நெஞ்சு எரிந்தது. கூடப் பிறந்தவளே ஏமாற்றினால் அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

"நீங்கள் முதல் சொன்னது சரிதானே?" என்று அவர் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

என் குற்றம் அந்த "ஓம்"தான். அதற்கு முன் சொன்னதெல்லாம் தவறுதல், அது துரோகம்.

சில வாரங்கள் கழித்துக் காப்புறுதி ஏஜென்ட் வந்தான். கையெழுத்து வாங்கும்போது தேனாய்க் கதைத்தவன், இப்போது முற்றத்திலேயே நின்றான். "அயலிலை விசாரிச்சவையாம், அக்கா. உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். தரமாட்டினம்."

அயலிலை! அந்தச் சொல்லைத் தவறாகச் சொன்னானோ, தெரியாமல் சொன்னானோ... நான் வாய் திறக்கவில்லை.

"தவமணிக்கு மட்டும்தான் தெரியும்," என்றாள் அக்கா. "அவள்தான் சொல்லியிருக்கிறாள். என்னை வித்துப்போட்டாள்."

இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஒரு பொட்டு இருந்தது. சிறு வயது முதல் அவர்கள் குனிந்து போய்வந்த வழி. அக்காவுக்கு அதில் நுழைய முடியாமல் போனபின், தவமணிதான் இந்தப் பக்கம் வருவாள். அதை அடைக்கச் சொன்னாள் அக்கா. தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டியவள் நான். மறுபக்கத்தில் நின்று தவமணி அழுதாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையடி. நீயாவது உன்ரை அக்காட்டைச் சொல்லன்."

நான் முடிச்சை இறுக்கினேன்.

சாவகச்சேரிச் சம்பந்தம் சரிவந்தது. கலியாணத்துக்கு முதல் நாள், என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே அக்கா சொன்னாள்: "உன்னட்டைக் கூடச் சொல்லாமல் அந்த ஒப்பரேசனை ஒளிச்சனான். கோவிக்காதை. வீட்டிலை வருத்தக்காரி இருக்கிறாள் எண்டு வெளியிலை தெரிஞ்சால் உன்ரை கலியாணம் குழம்பிப்போம். உனக்குத் தெரிஞ்சாலோ, எனக்குச் சுகம் வராமல் கலியாணம் வேண்டாம் எண்டு நிண்டிருப்பாய். நான் உன்னை அறியேனே?"

ஐயோ! அவள் அறிந்திருந்த அந்தத் தங்கை எங்கே? கதிரையைத் துடைத்துப் போட்ட இவள் யார்?

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குக் கலியாணம் என்று சாட்டு வைத்தேன். பிறகு பிள்ளைகள், பிறகு வேறு சாட்டு.

இப்போது அக்கா என்னோடுதான் இருக்கிறாள், அதே வீட்டில். வேலையை விட்டுவிட்டாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சாய்மனைக் கதிரையில் இருந்தபடிதான் உறக்கம். கால் வீங்கிச் செருப்புக் கொள்வதில்லை. அவளைத் தூக்கி நிறுத்தும்போது அவளுடைய பாரம் முழுவதும் என் தோளில் இறங்கும். கூசாமல் தாங்குகிறேன் என்றா நினைக்கிறீர்கள்?

இந்த வருடமும் வேலி அடைத்தோம். தவமணியின் தலை மறுபக்கம் தெரிந்தது, நரைத்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியுமோ... தெரிந்துகொண்டேதான் பேசாமல் இருக்கிறாளோ?

"பொட்டை இறுக்கி அடை," என்றாள் அக்கா கதிரையிலிருந்து. "அவளை நம்பித்தானே இந்தக் கெதிக்கு வந்தனான்."

கிடுகு கண்ணுக்கு மறைந்தது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தேன். அக்கா கண்டுவிட்டாள்.

"ஏனடி அழுறாய்? ஏதும் வருத்தமோ?"

"சீச்சீ," என்றேன். "ஒரு வருத்தமும் இல்லையக்கா."