அந்த ஆள் சாய்ந்த சுவர்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், ஒரு வட்டக் கறை இருந்தது. என் புருஷன் எண்ணெய்த் தலையைச் சாய்த்து டிவி பார்த்த இடம். அந்த ஆள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொருத்தியோடு குடித்தனம் போன பிறகும் கறை போகவில்லை. நான் தலைமுழுகிவிட்டேன். சுவர்தான் முழுகவில்லை.

மகளைப் பெண் பார்க்கச் சோழபுரத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் பெயிண்டரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒழியவில்லை. ஆலை வேலை முடிந்து வந்து நானே ரோலரை எடுத்தேன். கறையைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, ஆயில் பிரைமர் அடித்துக் காயவிட்டேன். பிறகு பெயிண்ட். அழுத்தினால் ரோலரின் ஓரம் கோடு போடும். நடுவில் நிறுத்தினால் காய்ந்த இடமும் ஈரமும் சேருகிற வரி பல்லைக் காட்டும். ஒரு சுவரைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விட வேண்டும். வலது கையைத் தூக்க முடியவில்லை. ஆனால் கறை போயே போயிற்று. பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

அப்போதுதான் நாத்தனார் போன் செய்தாள்.

“மதினி, தகப்பன் இல்லாத சபையில பொண்ணை எப்படிக் காட்டுவீக? அண்ணன் வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போகட்டும். மத்ததெல்லாம் அவியகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்.”

போட்டோவில் பார்த்தே மாப்பிள்ளையை மகளுக்குப் பிடித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் முதல் ஆளாக வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

“எப்பிடி இம்புட்டுச் சீரா வந்துச்சு?”

“அழுத்தக் கூடாது. ஈரம் காயுமுன்ன அடுத்த இழுப்பு இழுத்துரணும்,” என்றேன். அந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

செத்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுற்றிப் பார்த்தார்.

“வீடு பளிச்சுன்னு இருக்கே. யாரு பெயிண்ட் அடிச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நாந்தான்,” என்றார் அந்த ஆள், வாய் கூசாமல். “லீவு போட்டு அடிச்சேன். அழுத்தக் கூடாது பாருங்க. ஈரம் காயுமுன்ன அடுத்த இழுப்பு இழுத்துரணும்.” சொல்லிக்கொண்டே பழைய இடத்தில் தலையைச் சாய்த்தார். தலையில் எண்ணெய் மினுங்கியது.

நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தேன். உள்கதவோரம் நின்ற மகள், வேண்டாம்மா என்பதுபோல என்னையே பார்த்தாள்.

“நீங்க குடுத்து வச்சவுக,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“ஆமா,” என்று சொல்லி, தூக்க முடியாத அந்தக் கையால் பஜ்ஜித் தட்டை நீட்டினேன். அந்த ஆள்தான் முதலில் எடுத்தார்.